அரிய நோய் ஆராய்ச்சி வேலைக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

கேள்வி இதுதான். மூலக்கூற்று உயிரியலில் இந்த வருடம் பட்டம் முடித்த ஒரு தங்கை கேட்கிறார்: "அக்கா, குழந்தைகளுக்கு வரும் அரிய நோய்களின் மரபியலை ஆராயும் திட்டம் ஒன்றுக்குக் கொழும்பில் ஆராய்ச்சி உதவியாளர் எடுக்கிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். உள்ளே உண்மையில் என்ன வேலை? இரத்தம் வாங்கிக் குழாயில் ஊற்றிக்கொண்டு இருப்பதுதானா? வீட்டில் வங்கிப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். போகலாமா?"

போகலாம். நானும் இதே மாதிரி ஒரு திட்டத்தில் ஐந்து வருடம் இருந்தேன், எந்த இடம் என்பது இப்போது தேவையில்லை. ஆனால் என்ன வேலை என்று தெரியாமல் போனால் மூன்றாம் மாதமே வெறுத்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த "அரிய" என்ற சொல். ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருகிற நோயை அப்படிச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட நோய்கள் 6,000, 7,000 என்று எண்ணப்படுகின்றன, பெரும்பாலானவை பரம்பரையலகுக் கோளாறு, பெரும்பாலானவை சின்ன வயதிலேயே தலைகாட்டுபவை. இலட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய் என்றாலும் நம்முடைய இரண்டு கோடிச் சொச்சம் சனத்தில் இருநூறு பேரளவில் இருக்க வேண்டும், இல்லையா? அப்படி ஆயிரக்கணக்கான நோய்கள். கொழும்பு பொறளையில் இருக்கிற லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை 1895இல் தொடங்கியது, தீவு முழுவதிலும் இருந்து பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள். ஒரு கிளினிக் நாளில் அந்த நடையில் போய் நின்று பார்த்தால் அரிய என்ற சொல்லே கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றும். ஒவ்வொரு நோயும் அரிதுதான், நோயாளிகள் அரிதில்லை.

விளம்பரத்தில் "மாதிரி சேகரித்தல், டிஎன்ஏ பிரித்தெடுத்தல், தரவுப் பகுப்பாய்வு" என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, குடும்ப மரம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, சொந்தத்துக்குள் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு. உயர்தரத்தில் உயிரியல் படித்த எல்லாரும் பரீட்சைத் தாளில் இதைப் போட்டிருப்போம், சுகமான புள்ளி. எதிரில் ஒரு தாய் இருக்கும்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

ஒரு நாள் வவுனியாவில் இருந்து ஒரு தாய் வந்தார், இரவு பஸ்ஸில் ஏறி விடியப் புறக்கோட்டையில் இறங்கி. பையனுக்கு ஐந்து வயது. நிலத்தில் விளையாடிக்கொண்டு இருந்தவன் எழும்பும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்கினான், பிறகு இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பிலேயே ஏணி ஏறுகிற மாதிரி ஏறி நிமிர்ந்தான். கெண்டைக்கால் மட்டும் விளையாட்டுக்காரனுடையது போலத் தடித்திருந்தது. இதைப் பார்த்தவுடன் எந்தக் குழந்தை வைத்தியருக்கும் டுஷேன் தசைநலிவு என்ற பெயர் மனதில் வந்துவிடும். அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள கோளாறு, தாய் கடத்தியாக, அதாவது தனக்கு நோய் இல்லாமல் பிள்ளைக்குக் கடத்துபவராக, இருக்கலாம், நோய் அநேகமாக ஆண் பிள்ளைகளுக்குத்தான். அதனால் தாயின் பக்கம் யாருக்கு இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

"உங்கட பக்கத்தில ஆருக்கும் இப்படி இருந்ததோ?"

"ஓம், தம்பி ஒராளுக்கு. பதினெட்டு வயசில மோசம் போயிட்டான்."

பக்கத்தில் இருந்த இளம் வைத்தியர், அவருக்குத் தமிழ் அரைகுறை, உடனே தாயின் வட்டத்துக்குப் பக்கத்தில் அதே கோட்டில் ஒரு கறுப்புச் சதுரம் போட்டுவிட்டார். எனக்கு என்னவோ பொருந்தவில்லை, ஏனென்றால் சற்று முன்னர்தான் அந்தத் தாய் "நாங்கள் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்" என்று சொல்லியிருந்தார். கேட்டேன், கூடப் பிறந்த தம்பியா என்று. "இல்லை அக்கா, சின்னம்மாவின்ர மகன்." சரி, அதோடு முடிந்ததா? முடியவில்லை. நம் வீடுகளில் அம்மாவின் தங்கையும் சின்னம்மா, சித்தப்பா கட்டின பெண்ணும் சின்னம்மா. அம்மாவின் தங்கை என்றால் அந்த நோய் அம்மம்மாவின் பக்கம் இருந்து இரண்டு பெண் மக்கள் வழியாக இறங்கியிருக்கிறது, எதிரில் இருக்கிற தாய் கடத்தியாக இருப்பதற்கு நல்ல சாத்தியம், அவருடைய சகோதரிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். சித்தப்பாவின் மனைவி என்றால் அந்தச் சின்னம்மா வேறு வீட்டுப் பெண், அவருடைய எக்ஸுக்கும் இந்தத் தாயின் எக்ஸுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது வெறும் தற்செயல், அல்லது இரண்டும் வேறு வேறு நோய். தமிழில் ஒரே சொல். சிங்களத்தில் தம்பிக்குச் சொல்கிற "மல்லி" என்பதும் இப்படித்தான், யார் யாரோ மல்லி.

கேட்டுப் பார்த்தால் அம்மாவின் தங்கைதான். எதிரில் இருந்த தாயின் சகோதரிகளில் ஒருவர் அப்போது நான்கு மாதக் கர்ப்பம். இதை எந்த இயந்திரமும் கண்டுபிடித்துத் தந்திருக்காது.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு 1983இல் தொடங்கியது, அங்கே மருத்துவ மரபியலில் முதுகலைப் படிப்பும் நடக்கிறது, ஆக இங்கே அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் மன்னாரில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் ஹற்றனில் இருந்தும் வருகிற குடும்பத்தோடு அவர்களுடைய தமிழில் இருந்து கதைக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? நீங்கள் வெள்ளவத்தையில் வளர்ந்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டு மாதத்தில் காது பழகிவிடும்.

சொந்தத்துக்குள் கலியாணம் பற்றியும் கேட்க வேண்டி வரும். இங்கே கவனம். "சொந்தமா?" என்று கேட்டால் பாதிப் பேர் "இல்லை" என்பார்கள், ஏதோ குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கிறது. "கலியாணத்துக்கு முன்னமே அவரைத் தெரியுமோ, என்ன முறை?" என்று கேட்டால் தானாக வரும்: மாமியின் மகன், அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன், என்று. மலையகக் குடும்பங்களில் தாய்மாமனையே கட்டியவர்களும் வந்திருக்கிறார்கள். மச்சானும் மச்சாளும் பரம்பரையலகில் எட்டில் ஒரு பங்கு பொது. இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் அதுவே வந்து சேரலாம். லண்டனில் கறொட் என்ற வைத்தியர் 1902லேயே சிறுநீர் கறுக்கும் அல்கப்டோனூரியா நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் ஒன்றுவிட்ட சகோதர உறவுக்காரர் வழமைக்கு மிஞ்சி இருப்பதைக் கவனித்து எழுதினார், இந்தத் துறையே அங்கிருந்துதான் என்று சொல்லலாம். அதே நேரம் ஆட்களைப் பயமுறுத்தவும் கூடாது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பதினோராயிரம் குழந்தைகளைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடு 3 சதவீதத்தில் இருந்து 6 சதவீதமாக ஏறுகிறது என்றுதான் வந்தது. இரண்டு மடங்கு என்று கேட்டால் பயம். நூறில் 94 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டால் மூச்சு வரும். இரண்டும் ஒரே கணக்குத்தான், தாய்க்கு நான் எப்போதும் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

ஆய்வுகூட வேலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லிலீற்றர் இரத்தம், பிள்ளைக்கு, தாய்க்கு, தகப்பனுக்கு. டிஎன்ஏ பிரிப்பது, அளவு பார்ப்பது, அது சுத்தமா என்று காட்டுகிற 260க்கு 280 விகிதம் 1.8 அளவில் நிற்கிறதா என்று பார்ப்பது, டிஎன்ஏயைப் பல மடங்கு பிரதியெடுக்கிற பிசிஆர் போடுவது. கை பழகிவிட்டால் பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்யலாம், ஆனால் லேபிள் எழுதும்போது மட்டும் பாட்டை நிறுத்துங்கள். முதல் வருடம் ஒரு குடும்பத்தின் தாய் தகப்பன் குழாய்களை நான் மாற்றிவிட்டேன். முடிவு வந்தபோது "தகப்பனுக்கு" இரண்டு எக்ஸ், ஒய்யைக் காணவில்லை. அதனால் பிடிபட்டது. இரண்டு சகோதரிகளின் குழாய் மாறியிருந்தால்? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். நாங்கள் இருந்த இடத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் எப்போது முடியும் என்று தெரியாது. உறைபெட்டியில் ஆறு வருடத்து மாதிரிகள், அதில் சில பிள்ளைகள் இப்போது உயிரோடு இல்லை, அவர்களிடம் திரும்ப இரத்தம் கேட்க முடியாது. கதவைத் திறக்காதே என்று பெட்டியில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டிவிட்டு, முறை வைத்துக் காவல் இருந்தோம். நேர்முகத்தில் மாதிரிகளுக்குப் பிரதி வேறு கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், நல்ல கேள்வி என்று நினைப்பார்கள்.

இனிக் கணினி. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், மிகவும் கோபம் வருவதும் இதில்தான். ஒரு மனிதரின் முழு டிஎன்ஏ முந்நூறு கோடி எழுத்து. அதில் புரதம் செய்யும் பகுதி ஒன்றிரண்டு சதவீதம், எக்ஸோம் என்பது அதுதான், செலவு குறைவு என்பதால் பெரும்பாலும் அதையே வாசிப்போம். அந்தச் சின்னப் பகுதியிலேயே ஓர் ஆளுக்கு இருபதாயிரம் அளவில் மாற்றங்கள் வரும். அதில் பிள்ளையின் நோய்க்குக் காரணம் ஒன்று, சில வேளை இரண்டு. மிச்சமெல்லாம் நீங்கள் உங்கள் மூக்கோடும் முடியோடும் பிறந்ததற்கான சாதாரண வேறுபாடுகள். சலிக்க வேண்டும். முதல் சல்லடை, இந்த மாற்றம் ஊரில் சுகமாக இருக்கிற ஆட்களிடம் எவ்வளவு காணப்படுகிறது என்பது. நிறையப் பேரிடம் இருந்தால் அது அரிய நோய்க்குக் காரணமாக இருப்பதற்குச் சாத்தியம் குறைவு, அநேகமாகத் தூக்கிப் போடலாம்.

இங்கேதான் வயிற்றெரிச்சல். அந்தச் "சுகமாக இருக்கிற ஆட்கள்" யார்? நோமாட் என்ற பெரிய தரவுத்தளத்தைப் பற்றி 2020இல் கட்டுரை வந்தபோது அதில் 141,456 பேர், தெற்காசியர் எல்லாருமாகச் சேர்த்துப் பதினையாயிரத்துச் சொச்சம். அதற்கு முன்னர், 2015இல் முடிந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் 26 சமூகங்களில் இருந்து 2,504 பேர். அந்த 26இல் ஒன்று நாங்கள்! எஸ்டியு என்று ஒரு குறி இருக்கும், அதன் விரிவு "பிரித்தானியாவில் உள்ள இலங்கைத் தமிழர்". 102 பேர். முதல் தடவை அந்தக் குறியைத் திரையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரை விட்டுப் போய் எங்கோ ஒரு நகரத்தில் இருந்துகொண்டு யாரோ கேட்டதற்காகக் கையை நீட்டின 102 பேர். அவர்களுடைய கலங்கள் அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் ஒரு களஞ்சியத்தில் வளர்கின்றன. நான் பொறளையில் ஒரு பிள்ளையின் மாற்றம் நம் ஆட்களிடம் சாதாரணமா என்று பார்க்க அவர்களிடம்தான் போகிறேன். சிங்களவருக்கு அந்தப் பட்டியலில் தனி வரிசையே இல்லை, இலங்கை முஸ்லிம்களுக்கும் இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சலித்து முடிக்கும்போது ஐந்து மாற்றம் மிஞ்சினால் நம்முடைய பிள்ளைக்கு இன்னும் நிறைய மிஞ்சும். பாதி நம் ஆட்களிடம் சாதாரணமாக இருப்பதாகக்கூட இருக்கலாம், சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து தரத்தில் ஒன்றைப் போட வேண்டும், 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த முறை அது: தீங்கானது, அநேகமாகத் தீங்கானது, தெரியாது, அநேகமாகத் தீங்கில்லை, தீங்கில்லை. நடுவில் இருக்கிற "தெரியாது" என்ற பெட்டிதான் எங்களிடம் நிரம்பி வழியும். ஆய்வுகூடத்தில் வியூஎஸ் என்போம். தாய் தகப்பன் இருவரையும் சேர்த்து வாசித்தால் கொஞ்சம் தெளியும், ஏனென்றால் பிள்ளையிடம் மட்டும் புதிதாகத் தோன்றிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். தெளிந்தாலும் எல்லாருக்கும் விடை வராது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 13,000க்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்துச் செய்த வளர்ச்சிக் கோளாறு ஆய்வில், 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, விடை கிடைத்தது 41 சதவீதத்துக்கு. அவ்வளவு காசும் ஆளும் இருந்தும் அவ்வளவுதான். உங்கள் மேசையில் அதைவிட அதிகம் வரும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று: எக்ஸெலை நம்பாதீர்கள். மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் பரம்பரையலகுகளுக்குப் பெயர் இருந்தது, எக்ஸெல் அதைத் திகதி என்று நினைத்து மாற்றிவிடும். எக்ஸெல் பட்டியலோடு வெளியான மரபியல் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் 2020இல் எக்ஸெல் திருந்தாது என்று பரம்பரையலகுகளின் பெயரையே மாற்றினார்கள். ஆகவே இப்போதிருந்தே லினக்ஸும் பைதானும் கொஞ்சம் பழகுங்கள், வேலைக்குப் போன பிறகு படிக்க நேரம் கிடைக்காது.

விடை கிடைத்தால் பிறகு என்ன? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள்: மருந்து இல்லாத நோய்க்குப் பெயர் கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? நானும் முதலில் அப்படி நினைத்தவள்தான். முள்ளந்தண்டுத் தசைநலிவுக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பரம்பரையலகுச் சிகிச்சை ஒரு தடவைக்கு 21 இலட்சம் டொலருக்கு மேல், ரூபாயில் பெருக்கிப் பார்க்கவே வேண்டாம். 2025இல் பிலடெல்பியாவில் ஒரே ஒரு குழந்தைக்காக ஆறு மாதத்தில் மருந்து வடிவமைத்து அதன் ஈரலில் இருந்த பிழையான எழுத்தைத் திருத்தினார்கள், செய்தியைப் பார்த்த அன்று எனக்குப் புல்லரித்தது உண்மை. ஆனால் பொறளையில் நடப்பது வேறு மாதிரி. வலிப்போடு வந்த பிள்ளைக்கு எஸ்சிஎன்1ஏ என்ற பரம்பரையலகில் மாற்றம் இருப்பது தெரிந்தால், வலிப்புக்கு எல்லா இடமும் கொடுக்கிற கார்பமசெபின் என்ற மருந்து இந்தப் பிள்ளைக்கு வலிப்பைக் கூட்டலாம், அப்படியென்றால் வைத்தியர் அதை நிறுத்த வேண்டும். ஒரு மருந்தை நிறுத்துவதற்கு டொலர் தேவையில்லை. பயோட்டினிடேஸ் குறைபாடு என்றால் பயோட்டின் என்ற விட்டமின் குளிசைதான் வைத்தியம், நேரத்துக்குத் தொடங்கினால் பிள்ளை சாதாரணமாக வளரும். வில்சன் நோய் என்றால் உடம்பில் சேரும் செப்பை வெளியேற்ற மருந்து இருக்கிறது, அண்ணனுக்கு ஈரல் பழுதான பிறகு தெரிந்தாலும் தங்கைக்குப் பழுதாகும் முன்னர் பார்த்துவிடலாம்.

ஒரு மருந்தும் இல்லாத நோயிலும் ஒன்று நடக்கும். பிள்ளைக்கு இப்படி ஆனதற்கு யாரையாவது குற்றம் சொல்லியே ஆக வேண்டும், அது அநேகமாகத் தாயைத்தான். கிரகணத்தில் வெளியே போனாள், அன்னாசி சாப்பிட்டாள், அவளின் பக்கத்துச் சனமே அப்படி. மாற்றம் புதிதாகத் தோன்றியது, தாயிடமும் இல்லை தகப்பனிடமும் இல்லை என்று வைத்தியர் சொன்னபோது, மாமியார் பக்கத்தில் இருக்கவே, ஒரு தாய் அந்தக் கடதாசியை வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிரதி வேண்டுமா என்று கேட்டேன், "இரண்டு தாங்கோ" என்றார்.

மற்றப் பக்கமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. டுஷேன் மாதிரி நோயில் தாய்தான் கடத்தி என்று வந்தால் அதே கடதாசி அந்த வீட்டில் கத்தி. மூவரையும் வாசிக்கும்போது தகப்பன் தகப்பனில்லை என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் என்ன செய்வது என்பது சம்மதப் படிவத்திலேயே முன்கூட்டி முடிவாகியிருக்க வேண்டும், உங்கள் தலையில் அந்த முடிவு விழக் கூடாது. சட்டமும் ஒரு சுவர். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே இங்கே கருக்கலைப்புக்கு இடம் உண்டு. ஆகவே வவுனியாத் தாயின் சகோதரிக்கு வயிற்றில் இருப்பது ஆண், நோயும் இருக்கிறது என்று தெரியவந்தால், அதற்குப் பிறகு சட்டப்படி அவருக்கு என்ன வழி இருந்திருக்கும்? அவர் கடைசியில் பரிசோதனையே வேண்டாம் என்று போய்விட்டார். அது அவருடைய உரிமை. நான் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு போன் எடுத்தார், பெண் பிள்ளை.

சரி, உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம். சம்பளம் வங்கியை எட்டாது. ஒப்பந்தம் திட்டத்தின் காசு முடியும்போது முடியும். வீட்டில் சொல்வதில் பிழையில்லை, மாதாமாதம் உங்கள் காசை நம்பி ஆட்கள் இருந்தால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் தாக்குப் பிடிக்கலாம் என்றால், வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும் என்பதை மட்டும் பாருங்கள். கட்டுரையில் பெயர் போடுவார்களா, முதுகலைக்கோ எம்பிலுக்கோ அதே தரவில் பதிய விடுவார்களா, பகுப்பாய்வை உங்களுக்கும் சொல்லித் தருவார்களா அல்லது மாதிரியைப் பொதி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு முடிவை மட்டும் மின்னஞ்சலில் வாங்குகிற இடமா. கடைசி வகை இடம் என்றால் வேண்டாம். உண்மையிலேயே அது இரத்தம் வாங்கிக் குழாயில் ஊற்றுகிற வேலைதான்.

நேர்முகத்தில் கேட்க வேண்டியது இன்னும் இரண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டதா, சம்மதப் படிவம் தமிழில் இருக்கிறதா? "இருக்கிறது" என்றால் ஒரு பிரதி வாங்கி வாசியுங்கள். நான் பார்த்த ஒன்றில் "கடத்தி" என்ற சொல்லுக்கு மின்சாரம் கடத்துகிற கம்பி என்று விளக்கம் எழுதாத குறை, அவ்வளவு மோசமான மொழிபெயர்ப்பு, பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த தாய்க்கே விளங்காது. அடுத்தது, முடிவைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார்களா, யார், எத்தனை மாதத்தில். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பரம்பரையலகுத் தரவைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது, ஆகவே பிள்ளையின் தரவு எந்த நாட்டுச் சேவையகத்தில் கிடக்கிறது என்று கேட்பதும் அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

ஒரு வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் உங்கள் வீட்டு மரத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்து பாருங்கள், அம்மம்மாவிடம் கேட்டு, யார் சின்ன வயதில் செத்தது, யாருக்குக் காது கேட்காது, யார் யாருக்கு என்ன முறை என்று. ஒரு பின்னேரம் போதாது என்று அப்போது தெரியும். விண்ணப்பப் படிவத்தில் மொழிகள் என்ற இடம் வழமையாகக் கடைசிப் பக்கத்தில் இருக்கும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று போட்டுவிட்டு விட்டுவிடுவோம். நீங்கள் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள்: தமிழில் குடும்ப வரலாறு எடுக்க முடியும் என்று, பிசிஆருக்கும் மேலே எழுதுங்கள்.